கிணற்றுக்குள் ஊதிய பாடங்கள்

நம் வயதுக்காரர்களின் பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். அரூரோ பாப்பிரெட்டிப்பட்டியோ, எந்த ஊர் ஸ்டுடியோவில் எடுத்ததானாலும் சரி, ஒருவராவது பல் தெரியச் சிரித்திருக்கிறோமா? கல்யாணப் பெண்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். "எல்லாரும் ஏன் கோவமா இருக்கீங்க?" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கோபமெல்லாம் இல்லை, பல் காவி. தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்று இப்போது போர்வெல் பக்கத்தில் போர்டு நட்டு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நமக்கு யார் சொன்னார்கள்? வம்சத்தில் வருவது என்றார்கள். ரத்தத்திலேயே கறை என்றார்கள். அப்படிச் சொன்ன பெரியவர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றி மரியாதையாகப் பேசு என்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அது என்னால் ஆகாது.

நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்த வருடம். மழை பொய்த்துப் போய், கோயில் பள்ளிக்கூடத்தில் பால் பவுடரும் கோதுமை உப்புமாவும் போட்ட காலம். உங்களுக்கும் அந்தப் பால் பவுடர் வாசம் ஞாபகம் இருக்கும். எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், கேழ்வரகும் கடலையும் போடுவார். அதைவிடப் பெரிய சொத்து ஒன்று அவருக்கு இருந்தது, அது அவருடையதே இல்லை. மாதா கோயில் பேண்டில் இருந்த பெரிய பேஸ் குழல். டூபா என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். வெள்ளைக்கார சாமியார் ஒருவர் விட்டுப் போன பித்தளை. தோளில் மாட்டிக்கொண்டால் அப்பாவின் முகம் பாதி மறைந்துவிடும். அதன் வாய் வானத்தைப் பார்த்து அகலமாக விரிந்திருக்கும். அப்பா அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். தேய்த்த பிறகும் அதில் ஒரு பழைய எச்சில் வாடை இருக்கும், எனக்கு அது பிடிக்கும்.

பேண்டு என்றால் ஊர்க்காரர்கள் காதில் விழுவது ட்ரம்பெட்டும் டிரம்மும்தான். பேஸ் ஊதுகிறவனை யாரும் கவனிப்பதில்லை. நான் மட்டும் அப்பா ஊதும்போது பக்கத்தில் போய் நிற்பேன். காதுக்கு முன்னால் வயிற்றுக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கும். கால் வழியாக ஏறி அடிவயிற்றில் நின்று அதிரும். மற்ற எல்லா வாத்தியமும் அதன் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும், எப்படித் தெரியும் என்றுதான் தெரியாது.

பேண்டு மாஸ்டர் எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன். பெங்களூரில் பட்டாளத்து பேண்டில் இருந்து வந்தவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் வீட்டில் அறவே கிடையாது.

அக்காவுக்கு வரன் வந்தது அந்த வருடம்தான். அக்கா சின்ன வயதிலிருந்தே சேலத்தில் சிஸ்டர்களிடம் போர்டிங்கில் படித்தவள். அவள் பல் வெள்ளை. அங்கே தண்ணீர் வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவள் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரில் மில் வேலை பார்க்கிறவர்கள். தரகர் வந்து, "பொண்ணை மட்டும் இல்லீங்க, பெத்தவங்க பல்லையும் பாப்பாங்க. கறை இருக்கற வம்சம் வேணாம்னு கண்டிசனா சொல்லிட்டாங்க" என்றார்.

அம்மா வெற்றிலை போடுகிறவள். அந்தச் சிவப்புக்கு அடியில் என்ன நிறம் என்று யாரும் கேட்க முடியாது. அப்பா வெற்றிலை போட்டதில்லை, பேஸ் ஊதுகிறவன் உதட்டைப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது என்பார். அவர் மேல்வரிசை முழுக்கக் காப்பிக் கொட்டை நிறம். ஆனால் கல் மாதிரி பல். கரும்பைக் கடித்துத் தோல் உரித்து எனக்குக் கொடுப்பார்.

மாமாவும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். மேலே முன்வரிசையைப் பிடுங்கிவிட்டு வெள்ளையாக ஒரு செட்டு கட்டிவிடுவது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"பல்லு நல்லாத்தான இருக்குது மச்சான்" என்றார்.

"நல்லா இருந்து என்னா பண்றது மாப்ளே? பாக்க நல்லா இல்லியே" என்றார் மாமா.

"பேஸு?"

"பல்லுலயா ஊதறீங்க? ஒதட்டுல தான ஊதறீங்க?"

பட்டாளத்து பேண்டில் இருந்த மனிதர் இதைச் சொன்னார். உதட்டுக்குப் பின்னால் பல் என்கிற சுவர் இல்லாவிட்டால் ஊத முடியாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். தங்கை மகள் கரையேற வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

சேலத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். என் பல்லை என்ன செய்யலாம் என்று கேட்பதற்காக. பல் கட்டுகிறவர் அப்பா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பூச்சி ஒண்ணும் இல்லியேங்க, எதுக்குப் புடுங்கச் சொல்றீங்க?" என்றார். அம்மா, "நீங்க புடுங்குங்க" என்றாள். பல் வரவில்லை. வேர் அப்படிப் பிடித்திருந்தது. மாமா பின்னாலிருந்து அப்பாவின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எனாமல் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். கறையெல்லாம் மேலேதான், வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள். "சின்னப் புள்ளைங்க. பெரிய மனுசி ஆவட்டும், பாத்துக்கலாம்" என்றார் அவர். அன்றிலிருந்து பெரிய மனுஷி ஆவது என்றாலே எனக்குக் குறடுதான் ஞாபகம்.

ஈறு ஆறி, செட்டு வந்து, பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அம்மா சொன்னது, "வாயைத் தொறந்தீன்னா சூடு வெப்பேன். ஊமைன்னு நெனச்சாலும் பரவால்ல" என்பது. நான் கதவோரம் உதட்டை மடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்திக்குப் பெரிய மீசை. லட்டைக் கடிக்க வாயைத் திறந்தார். உள்ளே என்னுடைய பல். என்னுடையதும் அப்பாவுடையதும் எப்படி இருந்ததோ அதே நிறம், அதே வரி.

அவர் மறைக்கவும் இல்லை. "நமக்குப் பூர்வீகம் மாரண்டஹள்ளிங்க. எங்க வம்சத்துக் கறை என்னோட போவட்டும்னுதான் பல்லு பாத்துப் பொண்ணு எடுக்கறோம்" என்றார். அப்பாவின் வாயைக் கோயில் சுரூபத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "உங்களுக்கு எப்பிடிங்க சம்பந்தி இந்த ஊர்ல இவ்ளோ சுத்தமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவுங்க வழியில எல்லாருக்கும் அப்பிடித்தாங்க" என்றாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கும் முன்னாலேயே கல்யாணம் முடிந்தது.

கல்யாணம் முடிந்த வாரம் பேண்டு ஒத்திகை. அப்பா பேஸைத் தூக்கி ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடியும் ஊதினார். பல் செட்டு தளர்ந்து, வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸில் டக டக என்று அடித்தது. பையன்கள் சிரித்தார்கள். செட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஊதினார். மேலுதடு உள்ளே மடிந்து, குழந்தை எச்சில் விடுகிற சத்தம்தான் வந்தது. சிரிப்பு இன்னும் அதிகமானது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "தேர் திருவிழாவுக்குள்ள பேஸு ரெடியா இருக்கணும் மாப்ளே. ஆவலேன்னா சொல்லிருங்க, வேற கோயில்ல கேக்கறாங்க, குடுத்துர்றேன்" என்றார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பயிற்சிப் புத்தகம். பாட்டு ஒன்றும் இருக்காது, நம்பர் போட்ட பாடங்கள்தான். "மொதப் பாடத்துல இருந்து வாங்க. ஞாயித்துக்கெழமை கேப்பேன். பாஸானா அடுத்தது, இல்லாட்டி முந்தினது."

இத்தனை வருடம் ஊதிய மனிதரை அரிச்சுவடியில் உட்கார வைத்தார். அப்பா அதற்கும் தலையாட்டினார். பேஸ் கையை விட்டுப் போகக் கூடாது, அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஆனால் தபசு காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை ஊரில் மேளம், பேண்டு எதுவும் கூடாது, உங்களுக்குத் தெரியும். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியமெல்லாம் பார்க்கிற உபதேசியாரிடம் அப்பா போய் நின்றார். உபதேசியார் நிறைய யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "பாட்டு ஊதனா பாவம். பாடம் பாட்டு இல்லியே. நீளமா ஒரே சத்தமா ஊதிக்கோ. ஆனா ஊர்ல கேக்கக் கூடாது."

ஊரில் கேட்காத இடம் எது? எங்கள் கிணறு வறண்டு கிடந்தது. அதற்குள் இறங்கி ஊதுவது என்று அப்பா முடிவு செய்தார். பேஸைக் கயிறு கட்டி இறக்கினார், புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கினார். கிணறு சத்தத்தை அடக்கும் என்று நினைத்தார், பாவம். அது பேஸுக்கு மேல் இன்னொரு பேஸ். அரை மைல் தூரத்துக்குக் கேட்டது. பாட்டு இல்லையே என்று உபதேசியார் அதுவரை விட்டு வைத்தார்.

முதல் பாடம் மவுத்பீஸ் மட்டும். உதடு அதிர வேண்டும், அவ்வளவுதான். மாட்டு ஈ பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். அது நிற்காமல் வருவதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அடுத்தது ஒரே சுரம், மெதுவாகத் தொடங்கிப் பெரிதாக்கி மறுபடி மெதுவாக முடிக்க வேண்டும், நடுவில் ஆடக் கூடாது. அப்பாவுக்கு ஆடியது. ஞாயிற்றுக்கிழமை மாமா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மொதப் பாடம்" என்பார். அப்பா மறுபடி ஈ மாதிரி ரீங்கரிக்கப் போவார்.

செட்டோடு ஊதினால் ஆகாது என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஈறிலேயே ஊதப் பழகினார். மவுத்பீஸை அழுத்தினால் உதட்டின் உள்பக்கம் ஈறில் பட்டுக் கிழியும். அழுத்தாமல் இருக்க வேண்டும் என்றால் வாயின் இரண்டு ஓரங்களும் இறுக வேண்டும், காற்று வயிற்றிலிருந்து வர வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிழிந்து கிழிந்து அவரே கண்டுபிடித்தார். சாயங்காலம் உப்புத் தண்ணீர் கொப்பளித்துத் துப்பும்போது இளஞ்சிவப்பாக இருக்கும். அம்மா பார்த்துக்கொண்டே, "பல்லு புடுங்கனது பொண்ணுக்கு. இது யாருக்கு?" என்பாள். சோற்றில் காரத்தைக் குறைத்தாளா என்றால், இல்லை.

பேஸின் வாய் மேல்நோக்கி விரிந்திருக்கும் என்று சொன்னேன் இல்லையா. கிணற்று மேட்டில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல குறி எங்கே கிடைக்கும்? ஆட்டுப் புழுக்கை, கூழாங்கல், ஒருநாள் செத்த ஓணான். சரியாக விழுந்தால் கைதட்டுவார்கள். அப்பா மேலே பார்த்துத் திட்டியதே இல்லை. பேஸைக் கவிழ்த்து உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாடத்தின் தலையிலிருந்து ஆரம்பிப்பார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு கல்லையாவது திருப்பி எறியக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் காதால் ஒன்றைக் கவனித்தேன். விரலால் அமுக்குகிற பிஸ்டனை மாற்றாமல் உதட்டாலேயே கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு வழுக்கிப் போகிற பாடம் ஒன்று. முதலில் நடுவில் உடைந்து போகும். பிறகு ஒருநாள் உடையவில்லை. அதற்கடுத்து நாக்கால் தட்டித் தட்டி ஊதுவது. செட்டு இல்லாமல் நாக்குக்கு மோத இடம் இல்லை. அப்பா நாக்கை மேலண்ணத்தில் தட்டப் பழகினார், சத்தம் முன்பைவிட உருண்டையாக வந்தது. அதற்கப்புறம் ஏறி இறங்குகிற பாடங்கள், தாண்டிக் குதிக்கிற பாடங்கள். கிணற்றின் கல்லுக்கட்டில் நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன், அந்த அதிர்வு கல் வழியாக என் முதுகெலும்புக்கு ஏறும். பல் இருந்த காலத்தில்கூட அவர் அப்படி ஊதியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

புத்தகத்தின் பின்பக்கத்தில் பாடங்களுக்கு ராகம் வந்துவிட்டது. அதுதான் வினை. உபதேசியார் கிணற்று மேட்டுக்கு வந்து நின்றார்.

"இது பாட்டு" என்றார்.

"பாடம்தாங்க. நம்பர் போட்டுக்குது பாருங்க" என்று அப்பா கீழேயிருந்து புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நம்பரு போட்டா பாட்டு இல்லேன்னு ஆயிருமா? கேக்கறவனுக்குக் காலு ஆடுது."

அடுத்த ஞாயிறு பூசை முழுக்க அப்பா பீடத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து முழந்தாளில் இருக்க வேண்டும் என்று தண்டனை. இருந்தார். கை தாழ்ந்தபோது உபதேசியார் பிரம்பால் கையைத் தட்டித் தூக்கிவிட்டார். மாமா முன்வரிசையில்தான் இருந்தார். பாடத்தைக் கொடுத்தவர் அவர். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் முடிந்து கோயில் பின்னறையில் பேண்டு முழுக்க உட்கார்ந்திருக்க, மாமா பாடம் கேட்டார். அப்பா செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, மாமா சொன்ன நம்பரையெல்லாம் ஊதினார். மாமா முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிச் சொன்னார், தப்பு வரட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. வரவில்லை. சிரித்த பையன்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமா புத்தகத்தை மூடினார்.

"ஆச்சு. தேருக்கு நீங்கதான்."

அப்பா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கை பிஸ்டன் அமுக்குகிற மாதிரி என் விரல்களை அமுக்கிக்கொண்டே வந்தது.

தேரன்று காலையில் அக்காவும் மாமியார் வீட்டாரும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார்கள். அக்கா முழுகாமல் இருந்தாள். பிறக்கப் போகும் பிள்ளையின் பல்லைப் பற்றித்தான் சம்பந்தி வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து பேச்சு. "தாத்தா பல்லு வந்துட்டா போதும்" என்றார். என்னை அம்மா தன் புடவைக்குப் பின்னால் நிறுத்தி, "வாயி" என்று மட்டும் சொன்னாள்.

பூசை முடிந்து தேர் கிளம்ப, பேண்டு வரிசை கட்டி நின்றது. பேஸ் கடைசி வரிசை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிச் செட்டைக் கழற்றக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். அக்கா விறுவிறுவென்று வந்தாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

"அப்பா, பல்லைக் கழட்டாதீங்க."

"பல்லோட ஊத வராது கண்ணு."

"அவங்க பாக்கறாங்க. பொய்ப் பல்லுன்னு தெரிஞ்சா எதுக்குக் கட்டனீங்கன்னு கேப்பாங்க. அப்பறம் எம் பொழப்பு என்னா ஆவும்?"

"இத்தினி நாளு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஊதற மாதிரி புடிச்சிக்கிட்டு நடங்கப்பா. கடைசில நிக்கறது தான, யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் அவளை மன்னித்திருப்பேன். கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் மாதிரி நிதானமாகச் சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாமியார் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்பா கையை இறக்கினார். மாமா குச்சியை உயர்த்தினார்.

ட்ரம்பெட் தொடங்கியது, கிளாரினெட் சேர்ந்தது, டிரம் அடித்தது. நான் காத்திருந்தேன். அப்பாவின் கன்னம் உப்பியது, விரல்கள் சரியான நேரத்தில் சரியான பிஸ்டனை அமுக்கின. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் தோள் உயர்ந்து தாழ்ந்தது. என் வயிற்றில் ஒன்றும் அதிரவில்லை. பாட்டு தரையில் கால் படாமல் போய்க்கொண்டிருந்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். எல்லோரும் தேருக்கு மிளகும் உப்பும் வீசிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு மட்டும் தெரிந்தது. பின்பக்கமாக நடந்துகொண்டே அப்பாவைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அப்புறம் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாத் தெருவும் சுற்றினார்கள். வெயிலில் பித்தளை சுட்டது. அப்பா ஒரு பாட்டைக்கூட விடவில்லை, எல்லாப் பாட்டையும் ஊதாமல் ஊதினார். ஓரிடத்திலாவது சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது என்றுதான் அக்காவே சொல்லிவிட்டாளே. ஆனாலும் அவர் விரல் ஒரு சுரம் தவறவில்லை. எனக்கு மட்டும்தான் அது தெரியும், நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பாடம் பாடமாகக் கேட்டவள்.

தேர் நிலைக்கு வந்ததும் சம்பந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பேண்டுன்னா இது பேண்டுங்க. எல்லாத்துலயும் உங்களுதுதான் சம்பந்தி எடுப்பா இருந்துச்சு. நெஞ்சுல வந்து இடிக்குது" என்றார்.

மாமா குச்சியைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க. மாப்ள இன்னிக்குத்தான் ஒரு தப்பும் இல்லாம ஊதனாரு" என்றார்.

அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சம்பந்திக்கு ஏன் என்று புரியவில்லை, அவரும் சிரித்தார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் வாயையே பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கப்பா, அந்தச் சனியனைக் கழற்றி அவர்கள் காலடியில் எறியுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"எல்லாம் மச்சான் குடுத்த பாடங்க" என்றார் அப்பா.